தம்புரா அறுபடாமல் நாகஸ்வரம் ஒலிக்க: மைக்ரோகன்ட்ரோலர் ஒலிப்பெட்டிக்கு எந்த வழி?

பள்ளிக் கண்காட்சிக்கோ ஊர் நூலகத்துக்கோ ஓர் ஒலிப்பெட்டி. மேல்பலகையில் எட்டு பொத்தான்கள்: நாகஸ்வரம், தவில், வீணை, மிருதங்கம், புல்லாங்குழல், கடம், கஞ்சிரா, மோர்சிங். எதை அழுத்தினாலும் அந்தக் கருவி அரை நிமிடம் ஒலிக்க வேண்டும். அடியில் தம்புராச் சுருதி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பெட்டி தானாக மணியடிக்க வேண்டும். தஞ்சாவூர் வீணையும், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் பிறக்கிற மண்ணில் இப்படி ஒரு ஆசை வருவது இயல்புதான். மைக்ரோகன்ட்ரோலரை, அதாவது நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்பை, முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு இது பெரிய வேலை. ஆனாலும் செய்து முடிக்கக்கூடிய வேலை.

எல்லாரும் முதலில் கேட்பது "எந்த போர்டு வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் இந்தப் பெட்டியிடம் நாம் எதிர்பார்ப்பவற்றில் எது கடினம் என்று பார்த்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஒலி வருவதை எந்த போர்டும் செய்யும். நேரத்துக்கு மணியடிக்க ஒரு கடிகார மாட்யூல் (ஒரு வேலைக்கென்றே செய்த சிறு சுற்றுப்பலகை) போதும். சிக்கல் தம்புராவில் இருக்கிறது. ஒரே ஒலி தொடுப்பு தெரியாமல் சுழல வேண்டும், அதன் மேலேயே இன்னொரு ஒலியும் கலக்க வேண்டும். இந்த இரண்டும் தேவையா இல்லையா என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

டிஎஃப்பிளேயர் மினி

தொடக்கக்காரருக்கு எல்லாரும் கைகாட்டுவது இதை. சிறிய மாட்யூல்தான், ஆனால் மெமரி கார்டைப் படிப்பது, எம்பி3யை விரிப்பது, 3 வாட் வரையிலான ஒரு ஸ்பீக்கரை ஓட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்துவிடும். மைக்ரோகன்ட்ரோலரின் வேலை, 9600 பாட் வேகச் சீரியல் (ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக "ஐந்தாம் ஒலியைப் போடு" என்று சொல்வது மட்டுமே. ஆர்டுயினோ நானோ என்னும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் நகலும் இதுவும் சேர்ந்து பெரும்பாலும் ஐநூறு ரூபாய்க்குள் முடியும். ஒரே மாலையில் ஒலி கேட்டுவிடலாம், முதல் முயற்சியில் அது பெரிய தெம்பு.

இதில் வரும் தவறுகள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வருகின்றன. நானோவின் 5 வோல்ட் சீரியல் ஒயரை மாட்யூலின் ஆர்எக்ஸ் பின்னில் (கட்டளையை வாங்கும் இணைப்பு முனையில்) நேராகக் கொடுத்தால் ஸ்பீக்கரில் சரசரப்பு கேட்கும், ஏனென்றால் மாட்யூல் 3.3 வோல்ட் சிக்னலை எதிர்பார்க்கிறது. நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு பின்களிலும் ஒலி சிக்னல் உண்டு, அதனால் எதையும் கிரவுண்டில் சேர்க்கக் கூடாது. மின்சாரம் கொடுத்த உடனே கட்டளை அனுப்பினால் மாட்யூல் கேட்காது. கார்டைப் படித்துத் தயாராக ஒன்றரை முதல் மூன்று நொடி ஆகும், அதுவரை நிரல் காத்திருக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது கோப்பு வரிசை. சாதாரண "ப்ளே" கட்டளை கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் ஏறியதோ அந்த வரிசையை எண்ணுகிறது. நாகஸ்வரத்தை அழுத்தினால் கடம் ஒலிப்பது இதனால்தான். ஆங்கிலச் சிற்றெழுத்தில் எம்பி3 என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, உள்ளே 0001, 0002 என நான்கு இலக்கமாகப் பெயர் வைத்து, அந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கச் சொல்லும் கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. கார்டு 32 ஜிபிக்கு மேல் போகாமல், ஃபேட்32 வடிவில் இருக்கட்டும். இன்னொன்று, ஒரே தோற்றத்தில் வெவ்வேறு சிப் பதித்த நகல்கள் சந்தையில் கலந்து கிடைக்கின்றன. சில கட்டளைகளுக்கு அவை வேறு மாதிரி பதில் சொல்லும். ஒரே கடையில் ஒரே தடவையில் இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லை எங்கே என்றால், இது ஒரு நேரத்தில் ஒரே ஒலியைத்தான் போடும். ஓடுகிற பாட்டை நிறுத்தி, நடுவில் ஓர் அறிவிப்பைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. பேருந்து நிலைய அறிவிப்புக்கு அது சரி, தம்புரா மேல் நாகஸ்வரத்துக்கு உதவாது. ஒரே கோப்பைச் சுழலவிட்டாலும் முடிவில் ஒரு சின்ன வெற்றிடம் விழும். எம்பி3 ஆக்கும்போதே முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது, அதோடு கோப்பை மறுபடி திறக்க மாட்யூல் எடுக்கும் நேரமும் சேர்கிறது. பேச்சில் யாரும் கவனிக்காத இடைவெளி அது. சுருதியில் அரைக் கணம் விழுந்தாலும் காது பிடித்துவிடும்.

இரண்டு டிஎஃப்பிளேயர்களை வைத்து ஒன்றில் தம்புரா, மற்றொன்றில் கருவிகள் என்று செய்யலாமே என்ற கேள்வி வரும். கலப்பது நடக்கும், சுழற்சி இடைவெளி அப்படியே இருக்கும். ஒரு மணி நேரத் தம்புராவை ஒரே கோப்பாகப் போட்டால் இடைவெளி மணிக்கு ஒருமுறைதான் வரும், சில பெட்டிகளுக்கு அதுவே போதும். இதை நாங்கள் கீழான வழியாகச் சொல்லவில்லை. கண்காட்சிக்கு இரண்டு வாரமே இருக்கிறது என்றால் இதையே தேர்ந்தெடுங்கள்.

நானோவும் மெமரி கார்டும் மட்டும்

ஒலி மாட்யூலே இல்லாமல், நானோவின் பிடபிள்யூஎம் பின்னிலிருந்து (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு அனுப்பும் முனையிலிருந்து) நேராக ஒலி எடுக்கும் முறை இது. கார்டு மாட்யூல், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், பிஏஎம்8403 ஆம்ப் (ஒலிபெருக்கிச் சுற்று) ஆகியவை போதும். 2.2 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும் வைத்தால் சுமார் 7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை மெல்ல வடிகட்டும். ஒலி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பயிற்சி இல்லை. ஆனால் ஒலி 8 பிட். மெல்லிய இடங்களில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் மேலே வரும், வீணையின் நாதம் தேய்ந்து மறையும் இடம்தான் முதலில் கெடும். நானோவின் ரேம் 2 கேபி மட்டுமே, கார்டில் படித்ததைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடையகமே அதில் 512 பைட்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஒலியை ஒன்றாகப் போடும் வசதி நிரல் நூலகத்தில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) இருந்தாலும் இடம் இறுகிவிடும். மணியொலிக்கும் பேச்சுக்கும் போதும். இந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

இஎஸ்பி32உம் மேக்ஸ்98357ஏ ஆம்பும்

இந்த வேலைக்கு உரிய வழி இதுதான். இஎஸ்பி32 நானோவைவிட வலிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு: 240 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர்கள் (தனித்தனியாக வேலை செய்யும் செயலிப் பகுதிகள்), 520 கேபி ரேம், ஐ2எஸ் என்னும் எண்முறை ஒலித்தடம். மேக்ஸ்98357ஏ அந்தத் தடத்தை மூன்று ஒயர்களில் வாங்கி, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 வாட் அளவுக்குக் கொடுக்கும். 16 பிட் ஒலி, இரைச்சல் இல்லை, கலப்பது முழுக்க நம் நிரலின் கையில். பழைய இஎஸ்பி32இல் உள்ளேயே டேக் (எண்ணை ஒலி சிக்னலாக மாற்றும் பகுதி) உண்டு, ஆனால் அது 8 பிட். அதை நம்பி ஆம்பைத் தவிர்க்க வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவெண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் ஒரு ஒலிக்கு நொடிக்கு 88,200 பைட். இரண்டு ஒலிக்கு 1,76,400. மெமரி கார்டு சராசரியாக இதை எளிதாகத் தரும், ஆனால் எப்போதாவது சில பத்து மில்லி நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தில் ஆம்புக்குக் கொடுக்கத் தரவு இல்லாமல் போனால் "டக்" என்று வெடிப்பு கேட்கும். வயலுக்குத் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் குட்டையில் தேக்கிவைத்துச் சீராகப் பாய்ச்சுவது போல, நடுவில் ஒரு சுழல் இடையகம் வேண்டும். ஒவ்வோர் ஒலிக்கும் 8 கேபி ஒதுக்கினால் சுமார் 93 மில்லி நொடி தாங்கும். ஒரு கோர் கார்டிலிருந்து இடையகத்தை நிரப்பட்டும், மற்றொன்று இடையகத்திலிருந்து எடுத்துக் கலந்து ஐ2எஸ்ஸுக்கு அனுப்பட்டும். ஒலி அனுப்பும் பகுதிக்குள் டிலே (காத்திரு), சீரியல் பிரின்ட் (திரைக்கு எழுத்து அனுப்பு) ஆகிய இரண்டு கட்டளைகளையும் வைக்காதீர்கள். பாதி வெடிப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன.

கலப்பது என்பது வெறும் கூட்டல். தம்புரா சாம்பிளை 0.4ஆலும் கருவி சாம்பிளை 0.6ஆலும் பெருக்கி, 32 பிட் மாறியில் கூட்டி, 32,767க்கு மேலும் மைனஸ் 32,768க்குக் கீழும் போகாமல் வெட்டிவிட வேண்டும். 16 பிட் மாறியிலேயே நேராகக் கூட்டினால் உச்சத்தைத் தாண்டிய எண் எதிர்ப்பக்கம் புரண்டுவிடும், தவில் அடி ஒவ்வொன்றும் தகரம் கிழிவது போல் கேட்கும். கருவி ஒலி தொடங்கும்போதும் பாதியில் நிறுத்தும்போதும் 10 மில்லி நொடி, அதாவது 441 சாம்பிள், ஏற்றி இறக்கினால் "பட்" என்ற சத்தம் போய்விடும்.

தம்புராவைச் சுழலவிடும்போது இன்னொரு பொறி உண்டு. வேவ் கோப்பின் தொடக்கத்திலுள்ள விவரப் பகுதியான தலைப்பு 44 பைட் என்று பல மாதிரி நிரல்கள் வைத்திருக்கும். ஒலித் திருத்தி மென்பொருள்கள் பெயர், தேதி போன்றவற்றையும் கோப்பில் சேர்ப்பதால் தலைப்பு நீளக்கூடும், அந்த எழுத்துகளும் ஒலியாகப் போய் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொடுக்கு கேட்கும். "டேட்டா" பகுதி தொடங்கும் இடத்தைத் தேடி அங்கிருந்து படிப்பதே சரி. கார்டின் சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் பத்து நொடித் தம்புராவை போர்டின் ஃபிளாஷிலேயே (நிரல் தங்கும் உள் நினைவகத்திலேயே) வைக்கலாம். 44,100 வேகத்தில் அது 900 கேபிக்குள் அடங்கும்.

நிரல் நூலகங்களில் கவனம் வேண்டும். இஎஸ்பி32-ஆடியோஐ2எஸ் நூலகம் இணைய வானொலிக்கும் எம்பி3க்கும் அருமையானது, ஆனால் ஒரே ஓடையைத்தான் போடும், புதிய பதிப்புகள் பிஎஸ்ரேம் (கூடுதல் ரேம் சிப்) உள்ள போர்டையும் கேட்கின்றன. இஎஸ்பி8266ஆடியோ நூலகத்தில் கலப்பதற்கான பகுதியும் மாதிரியும் உண்டு, பெயரில் 8266 இருந்தாலும் இஎஸ்பி32இல் ஓடும். ஆர்டுயினோவுக்கான இஎஸ்பி32 தொகுப்பு 3ஆம் பதிப்பில் பல கட்டளைகள் மாறியதால் பழைய மாதிரி நிரல்கள் கம்பைல் ஆகாமல் (போர்டுக்கான வடிவுக்கு மாறாமல்) நிற்கலாம். பிழை உங்கள் கையில் இல்லை, பதிப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கலக்கம் தீரும்.

மற்றவை

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டாலும் இதைச் செய்ய முடியும். 264 கேபி ரேம், ஐ2எஸ் உண்டு, பின்களில் பொறிகள் குறைவு. ஏற்கெனவே கையில் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். டீன்சி 4.1 இந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் எல்லாவற்றையும்விட வலியது. ஒலிப் பகுதிகளைத் திரையில் கோடு இழுத்து இணைத்தால் நிரலே வந்துவிடும், நான்கு ஒலி கலக்கி ஆயத்தமாக இருக்கிறது. விலை பல மடங்கு, ஒன்று புகைந்தால் அடுத்ததற்குக் கைவராது. ராஸ்பெர்ரி பை ஜீரோ மைக்ரோகன்ட்ரோலர் அல்ல, முழுக் கணினி. கலப்பது அதற்கு எளிது, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில், ஒழுங்காக அணைக்காமல் நின்றால் அதன் கார்டு கெடக்கூடும். கார்டை வாசிக்க மட்டும் செய்யும் மைக்ரோகன்ட்ரோலர் பெட்டிக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு, மின்சாரம் வந்ததும் ஓரிரு நொடியில் பாடத் தொடங்கிவிடும்.

எங்கள் பரிந்துரை

மூளையாக முதலிலேயே இஎஸ்பி32 வாங்குங்கள். ஒலிக்கு முதல் கட்டத்தில் அதனோடு டிஎஃப்பிளேயரை இணையுங்கள், பின்னர் அதைக் கழற்றிவிட்டு மேக்ஸ்98357ஏ வையுங்கள். பொத்தான், கடிகாரம், ஸ்பீக்கர், மின்சாரம், மரப்பெட்டி எல்லாம் முதல் கட்டத்திலேயே முடிந்து பெட்டி பாடிவிடும். அதன் பிறகு கார்டு, இடையகம், கலப்பு என்ற கடினமான பகுதியில் மட்டும் மனதைச் செலுத்தலாம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால், ஒலி வராதபோது தப்பு பொத்தானிலா, கார்டிலா, ஆம்பிலா, நிரலிலா என்று தெரியாது. வேலையைப் பாதியில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நானோவில் தொடங்கினால் இரண்டாம் கட்டத்தில் ஒயர் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். இஎஸ்பி32இன் சிக்னல் 3.3 வோல்ட் என்பதால் டிஎஃப்பிளேயரோடும் ஒத்துப்போகும்.

பின்களை முதல் நாளே இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துப் பிரித்துவிடலாம். டிஎஃப்பிளேயருக்கு 16உம் 17உம். டிஎஸ்3231 கடிகாரத்துக்கு 21உம் 22உம். கார்டுக்கு 5, 18, 19, 23. ஐ2எஸ்ஸுக்கு 25, 26, 27. பல படங்களில் ஐ2எஸ் தரவுக்கு 22ஆம் பின்னைக் காட்டியிருப்பார்கள், கடிகாரத்தோடு மோதும் என்பதால் 27 நல்லது. பொத்தான்களுக்கு 4, 13, 14, 32, 33, பிறகு 34, 35, 39. கடைசி மூன்றிலும் உள் புல்-அப் (அழுத்தாதபோது பின்னை 3.3 வோல்ட்டில் நிறுத்தும் ரெசிஸ்டர்) கிடையாது, வெளியே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்கு வைக்காவிட்டால் பொத்தான் தானாகவே அழுந்தியது போல் ஆடும். 12ஆம் பின்னைத் தொடாதீர்கள், போர்டு எழும்போது அதில் மின்னழுத்தம் இருந்தால் துவங்காமல் போகலாம். 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்குச் சொந்தம்.

கார்டு மாட்யூல் வாங்கும்போது அதில் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் சிப்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 5 வோல்ட் கொடுக்க வேண்டும், 3.3 கொடுத்தால் கார்டுக்கு மின்னழுத்தம் போதாமல் "கார்டு இல்லை" என்றே சொல்லும். ஒயர் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். நீல நிற டிஎஸ்3231 மாட்யூல்கள் பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். சாதாரண சிஆர்2032 போடுவதானால் அந்தச் சுற்றிலுள்ள டயோடைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு.

ஒலிக்கோப்புகள்

போர்டைவிட இதில் அதிகம் நேரம் கொடுங்கள். எல்லாப் பதிவுகளும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; நாகஸ்வரம் 2 கட்டையில் என்றால் தம்புராவும் 2 கட்டை, வீணையும் அதற்கே கூட்டியது, மிருதங்கத்தின் வலந்தலையும் அதற்கே சேர்த்தது. வெவ்வேறு சுருதியில் எடுத்ததை எந்த ஆம்பும் சேர்த்துக் கொடுக்காது. வாசிப்பவரிடம் பதிவுக்கு முன்பே கட்டையைச் சொல்லி, காதில் அதே தம்புராவைக் கேட்கவிட்டுப் பதியுங்கள்.

எல்லாக் கோப்புகளும் 44,100, 16 பிட், மோனோ, வேவ். செல்பேசி பெரும்பாலும் 48,000இல் பதியும். அதை மாற்றாமல் 44,100 என்று எண்ணி ஓட்டினால் வேகம் குறைவதோடு ஒலி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் கீழே இறங்கிவிடும். சுருதி சேரவில்லை என்று கருவியைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். தம்புராச் சுழற்சிக்கு ஆடாசிட்டி என்னும் ஒலித் திருத்தி மென்பொருளில் நான்கு தந்தியும் முழுதாக மீட்டி முடியும் இடத்தில் வெட்டி, கடைசி ஒரு நொடியை முதல் நொடியோடு மெல்லக் கலந்து சேருங்கள். தொடுப்பு மறைந்துவிடும். மௌனத்தை முன்னால் வெட்டுவதும் முக்கியம். பொத்தானுக்கும் ஒலிக்கும் நடுவே தாமதம் தெரிந்தால் குழந்தைகள் மறுபடி மறுபடி குத்துவார்கள்.

மின்சாரம், ஸ்பீக்கர், கடற்காற்று

5 வோல்ட் 2 ஆம்பியர் செல்பேசி சார்ஜர் போதும். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்துக் குறைந்த மின்னழுத்தத்தை நல்ல சார்ஜர் தாங்கும். தவில் ஓங்கி அடிக்கும் கணத்தில் போர்டு தானாக அணைந்து எழுந்தால், சீரியல் திரையில் "பிரவுன்அவுட்" (மின்னழுத்தம் தாழ்ந்தது) என்று வந்தால், ஆம்பின் மின் பின்களுக்கு நெருக்கமாக 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். ஆம்புக்கான 5 வோல்ட் ஒயரை சார்ஜர் முனையிலிருந்தே தனியாக இழுங்கள், பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் ஒயர் செருகும் பலகை) வழியாக வேண்டாம்.

3 அங்குல, 4 ஓம் ஸ்பீக்கரைப் பின்பக்கம் மூடிய பெட்டியில் வைத்தால் ஒரு வகுப்பறைக்குத் தாராளம். ஸ்பீக்கர், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம் டிவி ரேடியோ உதிரிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மாட்யூல்களைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ கூரியரிலோ வரவழைக்க வேண்டியிருக்கலாம்.

திறந்த வெளியில் மைக் செட்டோடு சேர்க்க நினைத்தால் மேக்ஸ்98357ஏவின் ஸ்பீக்கர் முனையை ஆம்பிளிஃபயரின் ஆக்ஸ் துளையில் (வெளி ஒலியை வாங்கும் துளையில்) செருகாதீர்கள். அதுவும் இரு முனையிலும் சிக்னல் உள்ளது, கிரவுண்டோடு சேர்ந்தால் ஆம்ப் போய்விடும். அதன் இடத்தில் பிசிஎம்5102ஏ டேக் மாட்யூலை அதே மூன்று ஒயர்களில் இணைத்து, எஸ்சிகே பின்னைக் கிரவுண்டில் கொடுத்தால் சுத்தமான லைன் அவுட் (வேறு ஆம்புக்குக் கொடுக்கத்தக்க ஒலி சிக்னல்) கிடைக்கும். நிரலில் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. "ம்ம்" என்று உறுமினால் நடுவில் ஒலிக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பெட்டி நிற்கப்போகிறது என்றால் பிரெட்போர்டிலேயே விட்டுவிடக் கூடாது. உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்து, ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் போகும், கார்டு சில நாள் படிக்கும், சில நாள் படிக்காது. பெர்ஃப்போர்டில் (துளையிட்ட சுற்றுப்பலகையில்) சாலிடர் செய்து, தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். கார்டு துளையிலும் பொத்தான்களிலும் வார்னிஷ் படாமல் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.